மீதிப் பாதி

மழையில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு நான் அந்தப் படிகளில் ஏறியபோது நல்ல மத்தியானம். ஆனால் உள்ளே மத்தியானத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒட்டினாற்போல் எழும்பியிருந்த உயரமான கட்டடம் வெளிச்சம் மொத்தத்தையும் மறித்துக்கொண்டு நின்றது. சுவரைத் தடவித் தடவித்தான் ஏறினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு படியின் விளிம்பு பெயர்ந்து கிடந்தது. கொஞ்சம் அசந்தால் ஆளையே காலி பண்ணிவிடும். வீட்டுச் சொந்தக்காரரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அதைத் தாண்டினேன்.

கதவைத் திறந்தது என் தங்கை சின்னு. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். வெறும் கையால் கோடு போட்டாலும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். அந்தக் கை இப்போது தாழ்ப்பாளைப் பிடித்தபடி வெடவெடத்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியாக்கா?"

"வராம? உன் வீட்டுக்காரர் கப்பல்ல உக்காந்துக்கிட்டு எப்பப் பாரு போன். என் உயிரை எடுக்கறாரு. அதான் உன் உயிரை எடுக்கலாம்னு கிளம்பி வந்துட்டேன்."

சிரிக்க முயன்றாள். அந்த நேரம் பார்த்துக் கூடத்து விளக்கு சடக்கென்று அணைந்து எரிந்தது.

"லைன்ல ஏதோ கோளாறு. ஆள் வந்து பார்த்துட்டான். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான்," என்றாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள், வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கூப்பிட்டால் கண் மட்டும் அசையும். மனச்சோர்வு என்று பெயர் வைத்து ஒரு மஞ்சள் மாத்திரையைக் கொடுத்துத்தான் ஒரு டாக்டரம்மா அவளை எங்களுக்குத் திருப்பித் தந்தார். மறுபடி அந்தக் கட்டிலுக்கு இவளை விடக்கூடாது. நான் அந்த வீட்டுக்கு வந்தது அது ஒன்றுக்காகத்தான்.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

"ஒரு வருஷத்துக்கு மேல நல்லா இருந்தாங்க. இந்த வீட்டுக்குக் குடி வந்த பிறகு மருந்து கேக்கவே மாட்டேங்குது," என்றார் அவர். "அளவைக் கூட்டியும் பார்த்தாச்சு. அதான் வேற மாத்திரைக்கு மாத்தறோம். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான், ஒரே குடும்பம். ஆனா இதுல ஒண்ணுக்குப் பதிலா அதுல ஒண்ணுன்னு போட்டுட முடியாது. மஞ்சளைப் பாதியாக் குறைப்போம். வெள்ளையைச் சின்ன அளவுல ஆரம்பிப்போம். அப்புறம் இது கொஞ்சம் கீழே, அது கொஞ்சம் மேலே."

"மஞ்சளை ஒரேயடியா நிறுத்திட்டா என்ன டாக்டர்? வேலை செய்யாத மாத்திரைதானே?"

"உடம்பு பழகியிருக்கும்மா. திடீர்னு பிடுங்கினா ஆட்டம் கண்டுடும். வேர்க்கும், தலை சுத்தும். கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாலே தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்ங்கும். குறைக்கறப்ப அப்படி வந்தா, எனக்குச் சொல்லுங்க. போன அளவுக்கே திரும்பிப் போயிட்டு, இன்னும் மெதுவா இறங்குவோம். அவசரம் மட்டும் கூடாது." பிறகு என் கையை லேசாகத் தொட்டார். "ரெண்டையும் முழுசு முழுசா சேர்த்துப் போட்டுட்டா ஆபத்து. அவங்க பொறுப்புல விடாதீங்க. நீங்களே உங்க கையால குடுங்க."

வெட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தால் நான் விடுவேனா? துணி ஆலையில் நான் கட்டிங் மாஸ்டர். என் பிளேடு நூலிழை பிசகாது. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் மாத்திரையின் நடுக்கோட்டில் பிளேடை வைத்து ஒரு தட்டு தட்டினேன். அச்சாக இரண்டு பாதி. ஒன்றையும் வெள்ளை மாத்திரையையும் சின்னுவின் வாயில் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் என்ன கைதியா?" என்று முறைத்தாள்.

"ஆமா. பேசாம வாயைத் திற."

மீதிப் பாதியை ஒரு காலி க்ரீம் டப்பாவில் போட்டு மூடி, சமையலறை அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை திறந்தால் டப்பா காலி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எடுத்துப் போட்டுக்கிட்டியா? டாக்டர் அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

"நான் தொடவே இல்லக்கா."

"அப்ப கால் முளைச்சுப் போயிடுச்சா?"

அவள் கண்கள் கலங்கிவிட்டன. "நீ வர்றதுக்கு முன்னாடியும் இப்படித்தான். மாத்திரையை எடுத்து வெச்சுட்டுத் தண்ணி எடுக்கத் திரும்புவேன். திரும்பிப் பார்த்தா இருக்காது. போட்டுட்டோம் போலன்னு நினைச்சுக்குவேன். எனக்குத்தான் புத்தி தடுமாறுதுன்னு யார்கிட்டயும் சொல்லல."

நான் அவளை நம்பவில்லை. அன்றைய மீதியை ஒரு காகிதத்தில் மடித்து என் சின்னப் பர்ஸில் போட்டு, பர்ஸை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். அங்கே கைவைக்க என்னைத் தவிர யாருக்கும் தைரியம் வராது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சின்னு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் குறட்டை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை. சமையலறையில் திடீரென்று ஒரு வாடை, கசப்பாக, மாத்திரை நாக்கில் கரைந்தால் தொண்டையில் ஏறுமே அந்த வாடை. என் பின்கழுத்தில் ஈரமான மூச்சு பட்டது.

விளக்கு சடக்கென்றது.

மறுபடி சடக்.

யாரோ எனக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்ப்பதுபோல, ஒரு சீரான இடைவெளியில்.

நான் திரும்பவில்லை. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். நெஞ்சுப் பக்கம் ஏதோ ஐஸ் கட்டி உரசியது போல இருந்தது. பிறகு வாடை போய்விட்டது. பர்ஸை எடுத்துப் பிரித்தேன். காகிதம் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த ஊரிலேயே இருக்க வேண்டாம், என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அன்று சாயங்காலமே சின்னுவைக் கிளப்பினேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்த உடைந்த படிக்கு வந்ததும் அவள் கண் செருகியது. உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்தது. எட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் கைப்பிடிக் கம்பியில் மோதி உட்கார்ந்தோம். இன்னும் ஒரு விரற்கடை தவறியிருந்தால் என் தங்கை எனக்கு இல்லை.

சத்தம் கேட்டுக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஓடி வந்தார். வயதானவர், பாவம், மூச்சு வாங்கியது. எங்களைப் பார்க்காமல் அந்தப் படியையே பார்த்தார்.

"அதே படி," என்றார்.

சின்னுவை மேலே படுக்க வைத்துவிட்டு, அவர் கடையில் போய் உட்கார்ந்து விஷயத்தைக் கறந்தேன்.

சின்னு இருக்கும் வீட்டில் முன்பு ஒரு பெண் தனியாகக் குடியிருந்தாளாம். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலை. தேன் மாதிரி குரலாம்.

"மனசு சரியில்லன்னு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. மாத்திரை போட்டா குரல் தட்டையா வருதுன்னு ரொம்பக் குறைபட்டுக்குவாங்க. ஒருநாள், எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன், இனிமே நான் ஃப்ரீன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க. அந்த வாரமே திரும்ப வந்தாங்க. கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள சுரீர்ங்குது, கண்ணாடி பவர் சரியில்லையோன்னு கேட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். "நானும் பவர்தான்மா பார்த்தேன். எனக்கு அதுதானே தெரியும்? என் கடையில இருந்து மேலே ஏறினவங்க, அந்தப் படியில தலை சுத்தி விழுந்துட்டாங்க. உயிரோட எடுக்க முடியல."

எனக்குப் படீரென்று எல்லாம் விளங்கியது. மருந்து கேட்காமல் போகவில்லை. நான் வருகிறவரை மருந்து என் தங்கையின் வயிற்றுக்குப் போகவே இல்லை. ஒருத்தி செத்தும் அந்த ஆட்டம் நிற்காமல், தலைக்குள் சுரீர் சுரீரென்று வாங்கிக்கொண்டு, சின்னுவின் மாத்திரையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கிறாள். இப்படியே போனால் அடுத்த ஆள் சின்னுதான். இந்த நிலையில் சின்னுவால் இன்னொரு முறை அந்தப் படிகளில் இறங்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மேலே போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, தட்டில் பாதி மஞ்சள் மாத்திரை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டேன்.

விளக்கு சடக்கென்றது.

கசப்பு வாடை ஏறியது.

டம்ளரில் தண்ணீர் மட்டம் மெல்ல, மடக்கு மடக்காக, கீழே இறங்கியது.

தட்டைப் பார்த்தேன். வெறும் தட்டு. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உண்மையிலேயே தேன்தான். ரயில் நிலையத்தில் கேட்போமே, அதே நிதானம், அதே மரியாதை.

"தயவுசெய்து மீதியைத் தரவும்."

எழுந்து ஓடியிருப்பேன். உள்ளறையில் சின்னு இருமினாள். அந்த இருமல்தான் என்னை உட்கார வைத்தது.

"தர மாட்டேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "முழுசு கிடையாது. இங்க பாரும்மா. நீ பட்டது கொடுமைதான், எனக்குப் புரியுது. இனிமே அவ மாத்திரையை நீ தொடக்கூடாது. உனக்கு நான் தனியாத் தரேன். பாதியில ஆரம்பிப்போம். அப்புறம் கால். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். மெதுவா இறங்கிடலாம். அளவு நான் சொல்றதுதான். சம்மதமா?"

மழைச் சத்தம் மட்டும். பிறகுதான் கவனித்தேன், விளக்கு துடிக்காமல் நின்று எரிந்துகொண்டிருந்தது.

பேய்க்கு மாத்திரை வெட்டிக் கொடுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சின்னுவுக்கு ஒரு பாதி, இவளுக்கு மறுபாதி. அளவைக் கூட்டிப் பார்த்த காலத்து மஞ்சள் மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் வீட்டில் நிறைய மிச்சம் கிடந்தன. சின்னுவிடம் மூச்சு விடவில்லை. அவளுக்கு வெள்ளை மாத்திரை ஒழுங்காக வயிற்றுக்குப் போகத் தொடங்கியதும் முகத்தில் களை வந்தது. முதலில் கைநடுக்கம் நின்றது. பிறகு பசி வந்தது. ஒருநாள் நான் செய்த சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறை சொன்னாள். நான் அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

டாக்டரம்மா வெள்ளையை ஒரு படி கூட்டினார், மஞ்சளை இன்னும் குறைத்து, அப்புறம் நிறுத்தினார். சின்னு ஒரு முனகல் இல்லாமல் இறங்கி வந்தாள். அலுவலகத்துக்கும் போக ஆரம்பித்தாள். உடைந்த படியை வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டை போட்டுச் சிமென்ட் பூச வைத்தேன்.

மேசையில் உட்காருபவளும் இறங்கிக்கொண்டுதான் வந்தாள். கால் மாத்திரைக்கு வந்த அன்று மட்டும் விளக்கு கொஞ்சம் துடித்தது. "பொறுத்துக்கோ," என்றேன். அடங்கிவிட்டது. பழகப் பழகப் பயம்கூட விட்டுப்போனது. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் ஆலைக் கதைகளைச் சொல்வேன். தண்ணீர் மட்டம் இறங்கும். கேட்டுக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்த நேரத்தில்தான் ஆலையிலிருந்து போன் மேல் போன். லீவை இனி நீட்ட முடியாது என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கடைசிக் கட்டம் இன்னும் பாக்கி இருந்தது. சின்னுவை நம்பி அதைச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? வீடு அமைதியாக இருந்தது. விளக்கு நின்று எரிந்தது. போதும், இவ்வளவு தூரம் இறங்கியவளுக்கு ஒரு கால் மாத்திரை ஒரு பொருட்டா என்று நானே முடிவு பண்ணினேன். மிச்சம் இருந்த மஞ்சள் மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவ்வளவுதாம்மா. நல்லபடியாப் போயிட்டு வா," என்று சொன்னேன்.

போயிட்டு வா என்று சொல்லியிருக்கக் கூடாது. வாய்ப் பழக்கம், வந்துவிட்டது.

என் வீடு பேருந்தில் அரை நாள் தூரம். நல்ல வெளிச்சமான வீடு, நாலு பக்கமும் ஜன்னல். ஊருக்கு வந்து சேர்ந்த வாரம், ஆலையில் துணி விரித்துப் பிளேடைக் கையில் எடுத்தேன். தலைக்குமேல் இருந்த குழல் விளக்கு சடக்கென்றது. பக்கத்து மேசை விளக்குகள் எல்லாம் நின்று எரிந்தன. என் மேசைக்கு மேல் மட்டும்தான் துடிப்பு. கசப்பு வாடை வந்தது. நான் கோட்டை விட்டு விலகி வெட்டிவிட்டேன், என் வாழ்நாளில் முதல் முறையாக.

"மீதியைத் தரவும்," என்றது குரல். இந்த முறை தயவுசெய்து இல்லை.

அன்று முதல் எனக்கும் ஆரம்பித்தது. ஒரு மாத்திரைகூட வாயில் போட்டறியாதவள் நான். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுரீர். வேர்வை. நடந்தால் தரை சாய்ந்தது. சின்னுவுக்குப் போன் பண்ணி, அங்கே விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறதா என்று கேட்டேன்.

"ஜம்முனு எரியுதுக்கா. ஏன், உனக்கு என்ன திடீர்னு விளக்கு மேல அக்கறை?"

"சும்மாதான்டி," என்றேன். அவளிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. அதுவரைக்கும் நிம்மதி.

போன அளவுக்கே திரும்பிப் போய், இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதுதான். அதற்கு மஞ்சள் மாத்திரை வேண்டும், மாத்திரைக்குச் சீட்டு வேண்டும். சின்னுவுக்குத் தெரியாமல் பேருந்து ஏறி, தனியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நானும் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லிச் சீட்டு வாங்குவதாகத்தான் திட்டம். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். என் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு மருந்து எதுவும் வேண்டாம்மா. தங்கச்சியைப் பார்த்துக்கிட்ட அலுப்பு. நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்." அவர் பார்வை என் தோளுக்கு மேலே கதவுப் பக்கம் போனது. "ஆனா உங்ககூட வந்திருக்காங்களே, அவங்களைத்தான் நான் முதல்ல பார்க்கணும்."

"என்கூட யாரும் வரலையே டாக்டர்."

"வெளியே உங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்களே. நான் உள்ளே வர்றப்பவே கவனிச்சேன். அப்படி வேர்க்குது, கண்ணைத் திருப்பவே பயப்படறாங்க. மாத்திரையை ஒரேயடியா நிறுத்தினவங்க அப்படித்தான் இருப்பாங்க." குரலை உயர்த்தினார். "உள்ள வாங்கம்மா. பயப்படாதீங்க, வாங்க."

எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

விளக்கு சடக்கென்றது.

என் பக்கத்து நாற்காலி தரையில் கீச்சென்று இழுபட்டது. நான் திரும்பவில்லை. மேசை மேலிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கம்மா. எப்போ நிறுத்தினீங்க?" என்று அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார் டாக்டரம்மா. கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு இடத்தில் அவர் முகம் இரக்கத்தில் இளகியது. பிறகு சீட்டை எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

"பாதியில இருந்து திரும்ப ஆரம்பிப்போம். எவ்வளவு காலம் ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது. இந்தத் தடவை அவசரப்படாதீங்க," என்றார் என்னிடம். "அவங்க பொறுப்புல விடாதீங்க. நீங்களே உங்க கையால குடுங்க."